சித்திரக்கதை நாயகர்களும் நம் பிள்ளைகளின் எழுத்தும்

ஆண்டு விழாவை முன்னிட்டு நம் பள்ளியில் நடைபெற்ற கட்டுரைப் போட்டியின் தாள்களைத் திருத்தும் பொறுப்பு இவ்வாண்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘தமிழ்மொழியின் சிறப்பு’ என்னும் தலைப்பில் வந்த பதினொரு தாள்களுள் ஆறு ஒரே மேற்கோளில் தொடங்கி, ஒரே வாழ்த்துரையில் முடிந்திருந்தன. எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில் நேர்ந்திருந்தது. பெற்றோர் எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் மனனம் செய்து வந்து எழுதினர் என்பதை அறிவதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. எவரையும் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நம் இல்லங்களிலும் இதுவே நடந்தது.

அன்றைய தினமே இடைவேளையில், அதே பிள்ளைகள் தாழ்வாரத்தில் அமர்ந்து வேறொரு விவாதத்தில் ஈடுபட்டிருந்தனர். பேட்மேனின் கதையை எழுதும் வாய்ப்புத் தமக்குக் கிடைத்தால் என்ன செய்வோம், ஸ்பைடர்மேனை எந்த ஊருக்கு அனுப்புவோம் என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கூறினர். கற்பனைக்குக் குறைவில்லை, காரணகாரியத் தொடர்புக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு சொல்லேனும் தமிழில் வரவில்லை. அவ்விவாதத்தை வகுப்பறைக்குள் அழைத்து வந்து தமிழில் எழுதச் செய்தால் என்ன என்பதே நாம் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்து.

எந்த நாயகனுக்கு எழுதுவது என்பதைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். எனினும் நம்மைக் கேட்டால் ஃபாண்டத்தையே பரிந்துரைப்போம். பெற்றோருள் பலர் அவரை ஊரிலேயே அறிந்தவர்கள். இந்தியாவில் 1964 இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவரைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் உலவ விட்டது. தமிழில் அவர் வேதாளர் என்றும், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்றும் பெயர் பெற்றார். (1972 இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி வேறொருவர், இவ்விருவரையும் குழப்பிக்கொண்டு சண்டையிட்ட நண்பர்களை நாம் அறிவோம்.) இரவல் வாங்கி, பாடநூலுக்குள் மறைத்து வைத்து வாசித்த அந்த நாயகர், நாம் குடியேறிய இந்த அவுஸ்திரேலியாவிலும் நமக்கு முன்னரே குடியேறியிருந்தார். 1936 இலேயே இந்நாட்டு வார இதழொன்றில் அவர் கதை வெளிவரத் தொடங்கிவிட்டது. 1948 முதல் சிட்னியிலிருந்து ஃபுரூ நிறுவனம் அவருக்கெனத் தனி இதழே வெளியிட்டு வந்துள்ளது. அயலிலுள்ள பப்புவா நியூகினியின் வாகி பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் போர்க் கேடயங்களிலேயே அவர் உருவத்தைத் தீட்டினர். இந்நாட்டில் பிறந்த பிள்ளையும், ஊரில் வளர்ந்த தந்தையும், அண்டை வீட்டு முதியவரும் ஒருங்கே அறிந்த நாயகர் வேறெவரும் உளரோ என்பது ஐயமே.

அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 1536 இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரையொதுங்கிய இளைஞன் ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது சபதம் ஏற்கிறான். அவன் மறைந்தபின் மகன் முகமூடியை அணிகிறான். அவனுக்குப்பின் அவன் மகன். உலகம் ‘இவர் சாகாதவர்’ என்று நம்புகிறது. நாம் படத்தில் காண்பவர் இருபத்தோராமவர். ஒவ்வொருவரும் தம் வாழ்நாட் செய்திகளைத் தம் கைப்பட எழுதி மண்டையோட்டுக் குகையின் ஏடுகளில் சேர்த்து வைக்கின்றனர். குதிரையும் ஓநாயும் துப்பாக்கியும் மட்டுமே நம் நினைவில் நின்றுவிட்டன; அவர் எழுதுபவர் என்பதை நாம் மறந்துவிட்டோம். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த ஏடுகளில் இதுவரை எவரும் சொல்லாத பக்கங்கள் எத்தனையோ. அவற்றுள் ஒரு பக்கத்தை எழுதுமாறு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமான விளையாட்டு இது என்று எவரும் கருத வேண்டியதில்லை. பதினேழாம் ஃபாண்டத்தின் சகோதரி ஜூலி, அண்ணனுக்குப் பதிலாக முகமூடி அணிந்து சென்ற கதையும் அந்த ஏடுகளில் உண்டு.

பிறர் படைத்த நாயகனுக்குக் கதை எழுதுவது போலி செய்தலாகாதா என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. ஃபாண்டத்தைப் படைத்த லீ ஃபால்க் 1936 இல் தொடங்கி 1999 இல் மறையும் வரை தாமே கதை எழுதி வந்தார். ஆயினும் அவர் வாழ்ந்த காலத்திலேயே, சுவீடனில் 1950 முதல் வெளிவந்த ‘ஃபாண்டோமன்’ இதழுக்கு ஒருவர் கதை போதவில்லை. 1963 முதல் அவ்விதழுக்கெனப் பிறரும் புதிய கதைகள் எழுதலாயினர். முற்காலத்து ஃபாண்டங்களின் கதைகளை அவர்கள் ஏராளமாக விரித்துரைத்தனர். அமெரிக்காவில் ஜிம் ஷூட்டர் என்னும் சிறுவன், தான் விரும்பிய நாயகர்களான எதிர்கால வீரர் குழுவுக்குத் தானே கதை எழுதிப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினான். குடும்பத்தின் பணமுடை தீரும் என்பதே அவன் எண்ணம். 1966 ஜூலை இதழில் அக்கதை அச்சேறியபோது அவனுக்கு வயது 14. பிற்காலத்தில் மார்வெல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியராக விளங்கி, 2025 இல் மறைந்தவர் அவரே. விரும்பிய நாயகனுக்கு எழுதுபவர் அந்நாயகன் எதைச் செய்வான், எதை ஒருபோதும் செய்யமாட்டான் என்பதை ஆராய்ந்தே தீரவேண்டும். மனனம் செய்த கட்டுரையில் அந்த ஆராய்ச்சிக்கு இடமேது?

நம் தெனாலிராமனும் விக்கிரமாதித்தனும் இருக்க வெளிநாட்டு முகமூடி எதற்கு என்பாரும் உளர். அவர்களுக்கும் எழுதட்டும், மகிழ்ச்சியே. வேதாளம் கூறிய கதைகள் மரபில் இருபத்தைந்தே. 1947 இல் தொடங்கிய அம்புலிமாமாவோ அவ்வெண்ணிக்கையைக் கடந்து, மாதந்தோறும் புதுக்கதை புனைந்து, பல தலைமுறைப் பிள்ளைகளை விக்கிரமனின் தோளோடு பிணைத்து வைத்தது. ஓவியர் சங்கரின் கைவண்ணத்தில் வாளேந்திப் பிணத்தைச் சுமந்து நிற்கும் அம்மன்னனை மறக்க இயலுமா? ஆகவே, பழைய நாயகனுக்குப் புதுக்கதை எழுதுவது நமக்கு அந்நியமான வழக்கமன்று. வேதாளத்துக்கு எழுதியவர்கள் வேதாளருக்கும் எழுதலாம்.

மற்றொரு தடை இதனினும் கனமானது. அதனை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கறுப்பின மக்கள் வாழும் காட்டை வெள்ளையர் ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்கிறார் என்னும் அடிப்படையே பிழையானது என்பர். உண்மைதான், அது எழுதப்பட்ட காலத்தின் கறை. ஃபால்க் அவர்களே பிற்காலத்தில் அந்நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்னும் கறுப்பின மருத்துவரைத் தேர்தல்வழிக் குடியரசுத் தலைவராக அமைத்து ஓரளவு திருத்தம் செய்தார். அது போதுமா என்று பிள்ளைகள் கேட்கட்டும். போதாது என்று தோன்றினால் பந்தர் மக்களின் தலைவன் குரானை நாயகனாக்கி எழுதட்டும். கறை இருப்பதாலேயே நூலை மூடிவிட்டால் இந்த வினாவும் மூடப்பட்டுவிடும்.

இவ்வளவும் வெறும் எண்ணமாக நின்றுவிடாதிருக்க, நான்காம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை இதனைச் சோதித்துப் பார்த்தோம். அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றோம். முதல் கால்மணி நேரம் எவரும் எழுதவில்லை. காரணம் சோம்பல் அன்று. ஃபாண்டம் குரானை ‘நீ’ என்று அழைப்பாரா, ‘நீங்கள்’ என்று அழைப்பாரா என்ற வினாவில் வகுப்பு இரண்டுபட்டிருந்தது. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது அவர்களுக்கு இந்தச் சிக்கல் தோன்றியதே இல்லை. தலைவர் என்பதால் குரான் ‘நீங்கள்’ என்று சொல்ல, ஃபாண்டம் ‘நீ’ என்பார் என்றனர் சிலர். அப்படியானால் குரான் வேலைக்காரனாகிவிடுவானே என்று ஒரு சிறுமி மறுத்தாள். இருவரும் ‘நீங்கள்’ என்றால் அலுவலகம் போலிருக்கிறது என்று மற்றொருவன் சிரித்தான். இருவரும் சிறு வயதிலிருந்தே ஒன்றாக விளையாடியவர்கள், ஆகவே தனித்திருக்கும்போது இருவரும் ‘நீ’ என்றும், ஊரார் முன்னிலையில் இருவரும் ‘நீங்கள்’ என்றும் பேசுவார்கள் என்று இறுதியில் அச்சிறுமியே தீர்த்து வைத்தாள். மரியாதைப் பன்மை பற்றி நாம் மூன்று வாரம் நடத்திய பாடம் அதுவரை அவ்வகுப்பில் எவருக்கும் விளங்கியதாக நாம் கண்டதில்லை.

அன்று சேர்ந்த பக்கங்கள் ஒன்பது. பிழைகள் ஏராளம், ஆனால் ஒரே பிழை இரு தாள்களில் இல்லை. அச்சிறுமியின் பக்கம், குகைக்குள் எண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டு ஜூலி ஏட்டைத் திறப்பதோடு நிற்கிறது. மணி அடித்துவிட்டது, அடுத்த சனிக்கிழமை தொடர்வதாகச் சொல்லித் தாளைத் தன்னுடனேயே எடுத்துச் சென்றாள்.