பதமும் பதமும்

வெள்ளிக்கிழமைதோறும் குந்தாரப்பள்ளியில் கூடுகின்ற சந்தை ஆடுமாடுகளின் பேரத்துக்குப் பேர்போனதாயினும், பாஷைகளின் பேரமும் அங்கே குறைவின்றி நடைபெறுகிறது என்பதை, அரை மணி நேரம் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் பொறுமையுள்ள எவரும் அறிந்துகொள்ளலாம். தமிழில் தொடங்கிய விலை தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் இறங்கி, உருதுவில் முடிவதுண்டு. சென்ற சந்தையன்று இந்த நான்கு பாஷைகளுக்கும் நடுவே ஆங்கிலச் சொல்லொன்று, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாரில்லாமல், மூவர் வாயில் மூன்று அர்த்தத்துடன் உலவியதைக் கேட்டோம். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்கூடமொன்றில் இரவு ஷிப்ட் முடித்து வந்த இளைஞர், "நேத்து லோடு பூரா ரிஜெக்ட் அண்ணா, ஹார்டு ஏறல" என்று குறைப்பட்டார். கிரானைட் அறுக்கும் பட்டறைக்காரர், "எங்களுக்கு ஹார்டு அதிகமா இருக்கறதுதான் தம்பி தொல்லை, பிளேடு நிக்கமாட்டேங்குது" என்றார். கடைக்கார அம்மாளோ பாய்லரைத் துடைத்தபடியே, "உங்க ஹார்டு கிடக்கட்டும், போர்த் தண்ணி ஹார்டாப் போய் எம் பாய்லரு பாழாவுது" என்று விவகாரத்தைத் தீர்த்துவைத்தார்.

மூவரும் ஒருவரையொருவர் விளக்கம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேரவில்லை. வீடு திரும்பி அகராதியைப் புரட்டிய நமக்குத்தான் சங்கடம் வந்தது. கடினமான, கெட்டியான, வன்மையான, கடுமையான, திடமான, முரட்டுத்தனமான என்று அகராதி அடுக்கிக்கொண்டே போயிற்று. ஆனால் இவற்றுள் எதைப் பட்டறைக்கும், எதைக் கல்லுக்கும், எதைக் கிணற்றுக்கும் கொடுப்பது என்பதை அது சொல்லவில்லை. இந்த மௌனத்தைக் குறித்தே இவ்விதழின் தலையங்கத்தை எழுதத் துணிந்தோம்.

கல்லிலிருந்து தொடங்குவோம். 1812-ஆம் வருஷத்தில் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், மாக்கல்லை ஒன்று என்றும் வைரத்தைப் பத்து என்றும் வைத்து, எது எதைக் கீறும் என்ற ஒரே கேள்வியால் கனிமங்களை வரிசைப்படுத்தினார். நமது ஜில்லாவின் மலைகளில் வெட்டியெடுக்கப்படும் கிரானைட்டில் ஆறாம் எண்ணுக்குரிய ஃபெல்ட்ஸ்பாரும் ஏழாம் எண்ணுக்குரிய குவார்ட்ஸும் கலந்திருப்பதால், அதை அறுக்க இரும்புப் பல் போதாமல் வைரத்துகள் பதித்த பிளேடு தேவைப்படுகிறது. எனவே கல் அறுப்பவர் சொல்லும் ஹார்டு என்பது கீறலுக்கு இடங்கொடாமை.

எஃகுக்கு வரும்போது அச்சொல்லே வேறு சோதனையை மேற்கொள்கிறது. ஸ்வீடன் தேசத்துப் பிரினெல் என்பவர் 1900-இல் வெளியிட்ட முறைப்படி, பத்து மில்லிமீட்டர் குண்டொன்றை மூவாயிரம் கிலோ பாரத்தில் உலோகத்தின்மேல் அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை அளந்தார்கள். பின்னர் அமெரிக்காவில் தோன்றிய ராக்வெல் முறையின் சி அளவையில், வைரக் கூம்பொன்றை நூற்றைம்பது கிலோ பாரத்தில் அழுத்தி, அது இறங்கிய ஆழத்தை அளக்கிறார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்கிறவர்கள் பகலும் இரவும் பார்த்துக்கொண்டிருப்பது இந்த எண்ணைத்தான். இங்கே கீறல் என்ற பேச்சே இல்லை. அழுத்தினால் அமுங்காதிருத்தலே ஹார்டு. இளைஞரின் லோடு திரும்பி வந்தது கூம்பு இரண்டொரு நூலிழை கூடுதலாக இறங்கிவிட்டதனால்தான்.

தண்ணீரையோ கீறவும் இயலாது, அழுத்திக் குழி பார்க்கவும் இயலாது. ஆயினும் சோப்பு நுரைக்காத, கையில் வழவழப்பு ஏறாத நீருக்கு ஆங்கிலேயர் அதே விசேஷணத்தைச் சூட்டினர். எல்லைக்கு அப்பால் கன்னடத்தார் அதைக் கடஸு நீரு என்றனர். தெலுங்கர் கடின ஜலம் என்றனர். நம் பள்ளிப் புத்தகம் கடின நீர் என்றது. கால்சியம், மக்னீசிய உப்புக்கள் கரைந்திருப்பதே இதன் காரணமென்பதும், குடிநீரில் இவை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பதே உகந்தது என்பதும், வேறு நீராதாரம் இல்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயத்தின் 2012-ஆம் வருஷத்து விதி. ஆனால் நமது பெண்மக்கள் இந்த எண்களுக்காகக் காத்திருக்கவில்லை. "அந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று அவர்கள் சொன்ன வாக்கியத்தில் ஒரு முழு ரசாயனப் பரிசோதனை அடங்கியிருக்கிறது. ஏனெனில் நீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுவதால், எத்தனை விறகு எரித்தாலும் அது குழைவதில்லை. நடவாத காரியத்துக்கெல்லாம் இன்று நாம் ஏளனமாய் வழங்கும் அந்தப் பேச்சு, அடுப்படியில் நாள்தோறும் சரிபார்க்கப்படும் சாஸ்திர உண்மையாகவும் இருக்கிறது.

இவ்விடத்தில் சொல் ஒன்று மனிதரை ஏமாற்றக்கூடிய விதத்தையும் குறிப்பிடவேண்டும். கடினம் தீது, மென்மை நன்று என்ற பொதுப் புத்தியோடு நீரை அணுகுகிறவர், நமது ஜில்லாவிலும் பக்கத்துத் தர்மபுரியிலும் ஏமாந்துபோவார். கருங்கற்பாறை காலக்கிரமத்தில் சிதையும்போது அதிலுள்ள ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அந்த ஃப்ளூரைடில் ஒரு பகுதி படிந்து விலகும், கால்சியம் குறைந்திருந்தாலோ ஃப்ளூரைடு நீரிலேயே தங்கிவிடும். ஆகவே சோப்பு நன்றாக நுரைத்து, பருப்பும் பதமாய் வெந்து, மென்னீர் என்று பாராட்டப்பெறும் தண்ணீரே சிறுவர் பற்களில் பழுப்புக் கறையை ஏற்றுவதும், முதியோர் எலும்பை வளைப்பதும் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய்வழி இவ்விரு ஜில்லாக்களுக்கும் கொண்டுவந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரைடு நோய்த் தணிப்பும் சேர்ந்திருப்பதன் காரணம் இதுவே. மென் என்ற அடைமொழியின் இனிமை, நாவுக்குத் தெரியாத நஞ்சை மறைத்துவிடுகிறது.

மற்ற துறைகளை விரைவாகவே கடந்துவிடலாம். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 53-ஆம் பிரிவில் ஹார்டு என்ற விசேஷணத்தைக் கைதியின் உழைப்புக்குச் சூட்டியது. தமிழ் அதைக் கடுங்காவல் என்றது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதை விடவில்லை. கோயமுத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்ததை நினைப்பவர், இங்கே அளவுகோல் மனித உடலே என்பதை உணர்வர். கணினியில் கையால் தொடக்கூடிய பகுதி வன்பொருளாயிற்று. தொடமுடியாத கட்டளைத் தொகுதி மென்பொருளாயிற்று. நமது பக்கத்திலேயே இப்போது ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் மின்சார ஸ்கூட்டர்களின் மோட்டாரில் இருக்கும் நிலைக்காந்தத்தையும் ஆங்கிலத்தில் ஹார்டு என்பர். ஏற்றிய காந்தத்தைக் கெட்டி எஃகு விடாமல் வைத்துக்கொள்ள, மெல்லிரும்பு உடனே இழந்துவிடக் கண்ட பழைய அநுபவத்திலிருந்து வந்த பிரயோகம் அது. தமிழிலோ அதற்கு விடாப்பிடி என்ற சொல்லே மிகப் பொருத்தமாயிருக்கும்.

ஆக, கீறிப் பார்த்தல், அழுத்திப் பார்த்தல், நுரைத்துப் பார்த்தல், வேகவைத்துப் பார்த்தல், சுமத்திப் பார்த்தல், தொட்டுப் பார்த்தல் என்று இத்தனை செய்கைகள் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கியிருக்கின்றன. விசேஷணத்தின் அர்த்தம் அகராதியில் இல்லை. பொருளின்மீது நாம் நடத்தும் சோதனையில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விநோதமன்று. நம்முடைய கெட்டி என்னும் சொல்லைப் பாருங்கள். கவிழ்த்தாலும் வழியாத தயிர் கெட்டி. துவைத்தாலும் போகாத சாயம் கெட்டி. தாலி கட்டும் கணத்தில் மற்ற ஓசைகளை அமுக்கிவிடும் மேளம் கெட்டி. பரீட்சைக்கூடத்தில் மறந்துபோகாத பாடம் கெட்டி. எவராலும் ஏமாற்றமுடியாதவன் கெட்டிக்காரன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கெட்டி. இதை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்படுகிறவர், ஹார்டு என்பதை வைத்துக்கொண்டு நாம் திண்டாடுவதைக் காட்டிலும் அதிகமாகவே திண்டாடுவார்.

இந்தத் திண்டாட்டத்தை முதலில் ஒரு காரியமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவரே என்பது பெருமைக்குரிய விஷயம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாயிருந்த காலத்தில், 1916-ஆம் வருஷம், நண்பர்களுடன் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார். பௌதிகம், ரசாயனம் முதலியவற்றுக்குத் தமிழில் பதங்கள் வகுக்க முயன்ற அச்சங்கத்தைப் பற்றிப் பாரதியாரும் எழுதினார். அன்று வகுத்த பதங்களில் எத்தனை நிலைத்தன என்பதைவிட, அவர் பின்னர் எழுதிய நூலொன்றுக்குத் திண்ணை ரசாயனம் என்று பெயரிட்டதே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. சாஸ்திரம் திண்ணைக்கு வரவேண்டும் என்று அவர் எண்ணினார். திண்ணையிலும் அடுப்படியிலும் உலைக்களத்திலும் ஏற்கெனவே இருக்கும் சாஸ்திரத்தின் சொற்கள் புத்தகத்துக்குப் போகவேண்டும் என்பதை அதனோடு சேர்த்துக்கொள்வது நம் கடமை.

ஏனெனில் ஊர்க் கொல்லர் இந்த விவகாரத்தை நமக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறார். கொழுவைச் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவதை அவர் துவைச்சல் என்பார். துவைச்சல் மிஞ்சிய இரும்பு உறுதியாய்த் தோன்றினும், கல்லில் பட்டால் பட்டென்று ஒடியும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து, வைக்கோல் மஞ்சளிலிருந்து நீலம்வரை மேற்பரப்பில் ஓடும் வர்ணத்தைக் கண்ணால் அளந்து எடுப்பார். கடினமா, மென்மையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அவர் சண்டையிடுவதில்லை. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினம் ஒன்றை வைத்த பாஷையைப் பேசுகிறவராதலால், வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவைப் பதம் என்ற ஒற்றைச் சொல்லால் குறித்துவிடுகிறார். ராகிக் களிக்கும் பாகுக்கும் உழுவதற்கேற்ற ஈரநிலத்துக்கும் அதே சொல்தான். சொல் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த பதம் ஒன்று. பக்குவம் என்ற பொருளில் உலையிலும் வயலிலும் வழங்கும் பதம் ஒன்று. முன்னதைத் தேடிக் குழுக்கள் பல கூடியிருக்கின்றன. பின்னதைக் கேட்டறிந்து வரப் புறப்பட்டவர் சிலரே.

அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கக் கருதி, இவ்விதழ் முதல் இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். லேத்துப் பட்டறையிலும், கல் அறுப்பிலும், மாங்கூழ் ஆலையிலும், மாட்டுச் சந்தையிலும் வேலைசெய்யும் அன்பர்கள், தாங்கள் வழங்கும் சொற்களை, எந்தப் பாஷையிலிருந்து வந்தவையாயினும் கூச்சமின்றி, எங்களுக்கு எழுதவேண்டுகிறோம். சொல்லை மட்டும் எழுதி அனுப்பவேண்டாம். அதைச் சொல்லும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.