வேந்தனின் சூரியனும் கண்ணகியின் சூரியனும்

சென்ற தை மாதம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "நாம் பொங்கலிட்டு வணங்குவதும் ரோமானியர் வணங்கியதும் ஒரே சூரியன்தானே, ஐயா?" ஆமென்று தலையசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடை தவறு என்று இப்போது தோன்றுகிறது.

எகிப்தின் ரா, கிரேக்கரின் ஹீலியோஸ், ஜப்பானியரின் அமதெராசு, ரோமானியரின் சோல் என்று பெயர்களை அடுக்கி, 'எல்லா நாகரிகமும் கதிரவனைத் தொழுதது' என முடிப்பது நம் கட்டுரையாளர்களுக்கு எளிதான வழக்கமாகிவிட்டது. பெயர் ஒப்புமை அறிவைப் பெருக்குவதில்லை. அத்தெய்வத்திடம் யார், எதைக் கேட்டார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ரோமில் சோல் வழிபாடு பழமையானது. ஆனால் பேரரசன் ஆரேலியன், பல்மைராவை வென்றபின் கி.பி. 274இல் அத்தெய்வத்துக்குப் பெருங்கோயில் எடுத்தான்; போரில் கொண்ட செல்வம் அக்கோயிலை அணிசெய்தது. 'வெல்லப்படாத சூரியன்' அரசின் தெய்வமானான். பின்வந்த கான்ஸ்டன்டைனின் நாணயங்களில் அவன் பேரரசனின் துணைவன். அதே கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் சூரியனின் நாளை ஓய்வுநாளாக்கியபோது, நீதிபதிகளும் நகரமக்களும் கைவினைஞரும் ஓய்ந்திருக்க வேண்டுமென்றான். உழவர் மட்டும் தடையின்றி வேலை செய்யலாம். விதைக்கும் பருவம் தவறிவிடக் கூடாதல்லவா! காரணம் நியாயமானதே. எனினும் சூரியனின் பெயரால் கிடைத்த ஓய்வு, நாளெல்லாம் வெயிலில் நின்றவனைச் சேரவில்லை.

இது ரோமானியரின் குறை மட்டுமன்று. சோழரும் தம்மைச் சூரிய குலத்தவர் என்றனர். முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சூரியனார்கோயில் அவன் பெயராலேயே வழங்கியது. அரியணைக்கு அருகே வந்த சூரியன் எங்கும் அரசனின் சாயலையே பெறுகிறான்.

ஆனால் இலக்கியத்தில் வேறொரு சூரியன் இருக்கிறான். வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் நான்காம் பகுதியில், காதலனால் கைவிடப்பட்ட அரசி டைடோ, உலகின் செயல்கள் அனைத்தையும் காண்பவன் என்று முதலில் சூரியனைத்தான் விளிக்கிறாள். வெற்றி வேண்டி அல்ல; தனக்கு நேர்ந்ததற்குச் சான்று வேண்டி. நம் கண்ணகியும் மதுரையில் அதையே செய்கிறாள். தன் கணவன் கள்வனா என்று கதிரவனிடம் கேட்கிறாள். டைடோவுக்கு வானிலிருந்து சொல் வரவில்லை. கண்ணகிக்கு வருகிறது: அவன் கள்வன் அல்லன் என்று ஒரு குரல் கூறுகிறது. பாண்டியன் அவையில் வழக்கு எழுவதற்கு முன்பே வானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசன் தீர விசாரிக்காத வழக்கில் அரசனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன சூரியன் இவன். ஆரேலியனின் சூரியனுக்கு இவனை இணைவைக்க என் மனம் ஒப்பவில்லை.

அந்தக் கண்ணகி மதுரையை நீங்கி மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள் என்கிறது காப்பியம். கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையிலுள்ள மங்கலதேவி கோட்டத்தை அவளிடமாக மரபு காட்டுகிறது. சித்திரா பௌர்ணமி அன்று மட்டுமே அங்கே மக்களுக்கு வழி திறக்கிறது. எங்கள் போடிநாயக்கனூர் அதே மலைத்தொடரின் அடிவாரம்தான். இங்கே விடியுமுன்பே ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏறுகின்றன. காய் எடுக்கச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். ஏலம் நிழலில் வளரும் செடி. மரக்கூட்டத்தின் கீழே அவர்கள் குனிந்து செய்யும் வேலையைச் சூரியனும் முழுதாகக் காண்பதில்லை. அவர்கள் இறங்கி வரும்போது பொழுது மலைக்குப் பின்னே போயிருக்கும். அவர்கள் பறித்த காய் எங்கள் ஊர் ஏல மையத்தில் விலைபோகும்போது அதன் பருமனும் பசுமையும் பேசப்படும். பறித்த கை பேசப்படுவதில்லை.

கேள்வி கேட்ட மாணவியின் தாயும் அப்படி மலையேறுபவர் என்று பின்னர் அறிந்தேன். அவளுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை இதுதான்: வானில் சூரியன் ஒன்றே, தொழுவோர் அதனிடம் இரண்டு கேட்டிருக்கிறார்கள். வேந்தர் வெற்றி கேட்டனர், கண்ணகி நியாயம் கேட்டாள். பொங்கல் பானைமுன் நிற்கும் நாம் எதைக் கேட்கிறோம் என்பதை, அடுத்த தைக்குள் அவளிடம் நான் பேசியாக வேண்டும்.