உறவுக்குப் பின் தோன்றும் உதிரப் போக்கு: தோட்டப் பெண்டிரிடம் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில், குமுளிக்கும் பீர்மேட்டுக்கும் இடையே அமைந்த ஊர் வண்டிப்பெரியார். அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்டிருள் மிகப் பலர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காய்ச்சல், இருமல், முதுகு வலி ஆகியவற்றை டிஸ்பென்சரியில் எடுத்துரைப்பதில் எவருக்கும் தயக்கம் இராது. ஆயின், கணவனோடு கூடும் வேளையிலோ அதன் பின்னரோ உதிரம் படுகிறது என்பதை வாய்விட்டுரைப்பது நாட்டின் எப்பகுதிப் பெண்ணுக்கும் அரிதே. உரைக்கப்படாத இக்குறி சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாகிவிடுகிறது. ஆதலின், பெண் தானாகச் சொல்லட்டும் என்று காத்திராமல், மருத்துவப் பணியாளர் தாமே முன்வந்து இதனைக் கேட்பது முறையாக்கப்பட வேண்டும்.

சொல்லும் மௌனமும்

இம்மௌனத்திற்கு நாணம் ஒன்றே காரணமன்று. ‘தீட்டு’, ‘வீட்டுக்குத் தூரம்’ என்னும் வழக்குச் சொற்கள் பெண்ணின் உதிரப் போக்கு அனைத்தையும் ஒரே திரையால் மூடிவிடுகின்றன. மாதவிலக்கினிடையே பட்டாலும், உறவின் பின் பட்டாலும், மாதவிலக்கு நின்ற பின் பட்டாலும் அவை யாவும் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. நாற்பதைக் கடந்தவள் அதனை ‘நிற்கும் காலத்துக் கோளாறு’ எனத் தள்ளிவிடுகிறாள். தமிழில் நினைப்பவள் தன் குறையை மலையாளத்தில் மருத்துவரிடம் விளக்க நேருமிடத்து, பாதி உண்மை வழியிலேயே நின்றுவிடுகிறது.

உதிரம் படுவதன் காரணங்கள்

இக்குறி கண்டவுடன் கலக்கமுற வேண்டுவதில்லை. பெரும்பாலான காரணங்கள் எளிதில் தீரக்கூடியவை. கருப்பையின் கழுத்தில் உட்புறத்து மென்படலம் வெளிமுகமாகப் படர்ந்திருப்பின், அது தொட்ட அளவில் உதிரம் கசியும். இளம் பெண்டிரிடத்தும், கருவுற்றவரிடத்தும், கருத்தடை மாத்திரை உட்கொள்வோரிடத்தும் இது இயல்பாகக் காணப்படுவது. அக்கழுத்தில் முளைக்கும் சிறு சதைத் தொங்கல் மற்றொரு காரணம்; அதனை எளிதில் அகற்றலாம். பால்வினைக் கிருமிகளால் உண்டாகும் அழற்சியும் உதிரப் போக்கை விளைக்கும், அதற்கு மருந்துண்டு. ஆயின், கணவனும் உடன் சிகிச்சை பெறாவிடில் அது மீண்டும் வரும். மாதவிலக்கு நின்ற பின் யோனிச் சுவர் மெலிந்து உலர்வதாலும், உறவின்போது ஏற்படும் கீறலாலும் உதிரம் படலாம். வன்முறையால் காயம் நேர்ந்திருப்பின் அதனை மருத்துவரிடம் மறைத்தலாகாது.

இரு நிலைகளில் மட்டும் காலதாமதம் கூடாது. கருவுற்றிருக்கும்போது உதிரம் காணின் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் அணையாடை முழுதும் நனையுமளவிற்குப் போக்கு மிகுந்தாலும், தலை சுற்றினாலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

அஞ்சத் தக்க காரணம்

எஞ்சியிருப்பது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். உறவுக்குப் பின் உதிரம் காணும் பெண்டிருள் மிகச் சிலருக்கே இந்நோய் இருக்கும். ஆயினும், இந்நோய் உள்ளவரிடத்து முதலில் வெளிப்படும் குறிகளுள் இவ்வுதிரப் போக்கே தலையாயது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்டிர் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோய்க்கு வேராயிருப்பது ஹியூமன் பாப்பிலோமா என்னும் வைரஸ். இவ்வுண்மையைக் கண்டறிந்தமைக்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு ட்சூர் ஹாவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பெற்றது. உடலுறவு கொள்ளும் ஆடவர் பெண்டிருள் பெரும்பாலோரை இவ்வைரஸ் வாழ்நாளில் ஒரு முறையேனும் தொற்றுகிறது. பெரும்பாலும் உடல் தானே அதனை அகற்றிவிடுகிறது. ஆகவே, இதனை ஒரு பெண்ணின் ஒழுக்கத்திற்குச் சான்றாகக் கொள்வது அறியாமையும் கொடுமையுமாகும். வைரஸ் அகலாது நிலைபெறும் சிலரிடத்தும், தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் கழிகின்றன. நோயைத் தடுப்பதற்கு இயற்கை அளிக்கும் இத்துணை நீண்ட தவணை வேறு புற்றுநோய்களில் அரிது. அத்தவணையை வீணாக்குவது பெண்ணின் குற்றமன்று. அவளை ஒரு முறையேனும் சோதியாது விட்ட அமைப்பின் குறையேயாகும்.

அண்டை மாவட்டங்களின் பாடம்

இக்கூற்றிற்குச் சான்று தொலைவில் இல்லை. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையத்தின் துணையுடன் ஒரு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்திய டாக்டர் சங்கரநாராயணன், முன்னர்த் திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்டிரின் கருப்பைக் கழுத்தில் நீர்த்த அசிடிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்ணிறத் திட்டு தோன்றுகிறதா எனப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் நோக்கினர். வினிகரின் புளிப்பிற்குக் காரணமான அமிலமே இது. திட்டு உள்ளோருக்குக் குளிரூட்டிக் கருக்கும் சிகிச்சை பெரும்பாலும் உடனடியாகவே அளிக்கப்பெற்றது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, சோதனை நடந்த கிராமங்களில், நடவாத கிராமங்களைவிட நோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

அதே 2007இல் தமிழ்நாட்டு அரசு இச்சோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இரு மாவட்டங்கள் தஞ்சாவூரும் தேனியும் ஆகும். தேனி, வண்டிப்பெரியாரின் அண்டை மாவட்டம். குமுளி மலைப்பாதையில் இறங்கினால் அடையக்கூடியது. கம்பம், கூடலூர் ஊர்களில் உள்ள உறவினருக்குக் கிட்டிய சோதனை, மலைமேல் வாழ்வோருக்கு மாநில எல்லை ஒன்றினால் தள்ளிப்போதல் நியாயமாகாது. கேரள அரசும் 2025 பிப்ரவரி 4ஆம் நாள், உலகப் புற்றுநோய் நாளன்று, பெண்டிருக்கென ஒரு பரிசோதனை இயக்கத்தைத் தொடங்கிற்று. அது வரவேற்கத்தக்கது. ஆயின் இயக்கம் சாலையோரத்து ஊரோடு நின்றுவிடாமல், தோட்டத்து லயம் வரை செல்கிறதா என்பதே உரைகல்லாகும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் நாடெங்கும் 30 முதல் 49 வயதுள்ள பெண்டிருள் இச்சோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டோர் நூற்றுக்கு இருவரும் இலர்.

செய்யத் தக்கவை

தோட்டத் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கிற்று. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்பும் மருத்துவ வசதியை விதிக்கிறது. ஆயினும், 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டு வட்டாரத்தில் சில தோட்டங்கள் கைவிடப்பட்ட வரலாறும் உண்டு. தோட்டம் மூடுமிடத்து டிஸ்பென்சரியும் மூடுகிறது. எனவே இப்பொறுப்பு அரசின் ஆரம்ப சுகாதாரப் பணியோடு பிணைக்கப்பட வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு பெண்ணிடமும் தனியிடத்தில், தமிழில், “உறவுக்குப் பின் உதிரம் படுகிறதா? மாதவிலக்கு நின்ற பின் பட்டதுண்டா?” எனப் பெண் பணியாளர் வினவ வேண்டும். இதற்குக் கருவி வேண்டுவதில்லை, செலவும் இல்லை. இரண்டாவது, ‘ஆம்’ என்பவளைத் தடுப்புச் சோதனைக்கு மட்டும் அனுப்பிவிடுதல் பிழையாகும். அச்சோதனை, குறி ஏதுமில்லாதவருக்கென ஏற்பட்டது. குறியுள்ளவளின் கருப்பைக் கழுத்தை மருத்துவர் விளக்கொளியில் கண்ணால் கண்டாக வேண்டும். ஐயம் எழின் ஒரு சிறு தசைத் துணுக்கை எடுத்து ஆய வேண்டும். முன்னர்ச் சோதனையில் குறையில்லை எனப்பட்டவளுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலியை அவள் இழத்தலாகாது. கூலி இழக்க நேருமெனின், வலியில்லாத ஒரு குறிக்காக எத்தொழிலாளியும் மலையிறங்க மாட்டாள். வலி தோன்றும் காலத்திலோ நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

நான்காவது, குறியில்லாதோருக்கு வைரஸ் சோதனையைக் கொண்டுசெல்லுதல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண் தானே மறைவிடத்தில் எடுத்துத் தரலாம். நாணமும் தொலைவும் தடையாயிருக்கும் மலைத் தோட்டங்களுக்கு இதனினும் ஏற்ற முறை இல்லை. சிறுமியருக்குத் தடுப்பூசியும் உண்டு. இந்தியாவிலேயே ஆக்கப்பெற்ற தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. ஆயினும் தடுப்பூசியின் பயன் மகள்களுக்கே. இன்று கூடை சுமக்கும் தாய்மாருக்குச் சோதனையே காப்பு.

இத்தகைய கேள்வி பெண்டிரை அச்சுறுத்தும், நாணமுறச் செய்யும் எனச் சிலர் கூறுவர். ‘பெரும்பாலும் எளிய காரணமே, ஆயினும் பார்த்துவிடுவோம்’ என்று உடன் உரைப்பின் அச்சம் தணியும். மாதவிலக்கு நாள் எது எனக் கருவுற்ற பெண்டிரை வினவுவதும் ஒரு காலத்தில் நாணத்திற்குரியதாகவே இருந்தது. இன்று அது மருத்துவ ஏட்டின் முதல் வரியாக உள்ளது. இவ்வுதிரப் போக்கைப் பற்றிய கேள்வியும் அவ்வரியின் கீழ் அடுத்த வரியாக இடம்பெறட்டும்.