வலி காத்திருக்காது, தோழர்களே!

இந்த நேரத்தில் கோப்பெங்கில் ஏதோ ஒரு வீட்டில், சாத்திய கதவுக்குள், நம்மவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றே குடும்பம் நினைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தில் வாய் திறக்கவில்லை.

ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி என்ற வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கம் இருக்கிறது. அதன் தாதியர் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். ஒரு காசு வாங்குவதில்லை. பொதுமக்கள் தரும் நன்கொடையில் ஓடுகிற சங்கம் அது. இது தெரியாமல் நம் வீட்டுப் பெரியவர்கள் வலியோடு சாகிறார்கள் என்றால் அந்தப் பழி நம்மைத்தான் சேரும்.

இந்தத் தாதியர் செய்வது சும்மா ஆறுதல் சொல்லும் வேலை இல்லை. வலி எங்கே, எந்நேரம், எரிகிறதா, குடைகிறதா என்று துருவிக் கேட்பார்கள். நரம்பில் எரிகிற வலிக்கு ஒரு மருந்து, எலும்பைக் குடைகிற வலிக்கு வேறு மருந்து. மார்பின் (morphine) என்ற வலி மருந்தின் திரவத்தைச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது என்று மகளின் கையைப் பிடித்தே பழக்குவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னால், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மார்பின் மலத்தைக் கட்டும் என்பதால் அதற்கும் கூடவே மருந்து. படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டுவது, காய்ந்த வாயை ஈரப்பஞ்சால் எப்படித் துடைப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள்.

மார்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது, வலியைத்தான் பறிக்கும். இந்த வலி தணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுவோரில் உலகம் முழுக்க 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் அரசும் இதற்கென 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கை ஒன்றை வகுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நம் தாமானுக்குள் வண்டி ஓட்டி வருவதற்குக் கொள்கைக்குக் கையும் காலும் இல்லை.

இங்கிருந்து பத்து காஜா போகும் சாலையில் கெல்லி அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டும்போது ஸ்பானியக் காய்ச்சலில் நம் தொழிலாளர்கள் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் அதைக் கட்டிய துரையிடம் கேட்டுப் பெற்றது ஒரு மாரியம்மன் கோயில். அவர்களால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். இன்று வீடு தேடி வரும் தாதியரை நாம் கேட்டுப் பெற முடியும்.

தோட்டத்து லயத்தில் இருந்தபோது முனகல் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வருவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிற வீட்டில் இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுப்பது யார்? கேரளத்துக் கோழிக்கோட்டில் இதே பராமரிப்பு 1993இல் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகச் சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தாதியரோடு வீடு வீடாகப் போனார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தோழர்களே, நோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்றே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். ஈப்போவுக்குப் போக வேண்டி வந்தால், கார் உள்ளவர்கள் நோயாளியை அழைத்துப் போங்கள்; சுமார் 20 கிலோமீட்டர்தான். மலாய் தடுமாறும் பாட்டிக்கும் தமிழ் தெரியாத தாதிக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து பேசிக் கொடுங்கள். திருவிழாவுக்குத் திரட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இந்தச் சங்கத்துக்கு ஒதுக்கச் சொல்லிக் கோயில் கமிட்டியில் கேளுங்கள். மறுத்தால் திரும்பவும் கேளுங்கள்.

வரும் ஞாயிறு மாலை, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். வாரத்தில் எந்த நாள் உங்களால் வர முடியும், எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்ற இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை காலையிலேயே கிளம்ப வேண்டும்.