கலைஞர்க்கு ஒரு சங்கம்

கலையை மெச்சுவோர் பலர்; கலைஞன் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என வினவுவோர் சிலரே. பிறர் விரும்பியதை வரைந்து கொடுப்போன் ஒருவாறு பிழைத்துக்கொள்வான். தன் உள்ளம் கண்டதை வரைவோன் யாது செய்வான்? இவ்வினாவிற்குச் சென்னையிலேயே ஒரு விடை உண்டு.

1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், பின்னர்ச் சென்னை அரசினர் ஓவியப்பள்ளியின் தலைவரானார். அங்குப் பயின்ற இளைஞர் வயிற்றுப்பாட்டின் பொருட்டுக் கலையைக் கைவிடுதல் கண்டு அவர் வருந்தினார். அவர் வழிகாட்ட, ஓவியரும் சிற்பிகளும் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, மெழுகிட்டுச் சாயந்தோய்த்த பாத்திக் துணி முதலியவற்றைச் செய்து விற்றனர். அவ்வருவாயால் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தனர். கைத்தொழில் சோறிட்டது, கலை எவர்க்கும் அடிமைப்படாது வளர்ந்தது.

பேச்சுத் தடையும் மனநோயும் உற்ற கே. ராமானுஜத்திற்கும் அக்கிராமம் இடமளித்தது. அவர் தீட்டிய கனவுலகச் சித்திரங்கள் இன்று போற்றப்படுகின்றன. எனினும், 1973-இல் இளமையிலேயே அவர் மறைந்தார். கூரையும் தூரிகையும் அளிப்பதோடு சங்கத்தின் கடன் முடிவதில்லை. உடனிருந்து பேணுதலும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

அக்கிராமம் கிழக்கே கடலோரத்தில் உள்ளது. நகரின் மேற்கே வாழ்வோர்க்கும் அத்தகைய துணை வேண்டுமன்றோ? அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ளன. பூவிருந்தவல்லியிலோ பார்வையற்றோர்க்கான அரசினர் பள்ளி இருக்கின்றது. பகலெல்லாம் இயந்திரத்தோடு உழைத்து இரவிற் கானா பாடுவோனும், பறையை உயிரெனப் போற்றுவோனும், விழியின்றியே இசை வல்லோனும் கலைஞரே என்பது நம் துணிபு. சபாக்களின் அழைப்பு வாராமையால் அவர்தம் கலை தாழ்ந்ததாகிவிடாது.

‘இஃது அரசாங்கத்தின் கடமை’ என்பர் சிலர். அரசின் உதவியை நாம் வெறுக்கவில்லை. ஆயினும், ஈவோன் கை சுருங்கின் பெறுவோன் கலையும் சுருங்கும். உறுப்பினர் தாமே உழைத்து ஈட்டும் பொதுநிதியே சங்கத்திற்கு உறுதியான அடித்தளம்.

பெருநிலம் வாங்கும்வரை காத்திருத்தல் வேண்டா. திங்கள்தோறும் ஒரு மாலை கூடுதற்கு ஓர் அறையும், கைவினைப் பொருள் விற்க ஒரு சிறு கடையும், யாவரும் காணத்தக்க வரவு செலவுக் கணக்கும் இருப்பின் தொடங்கலாம். அறையின் வாயிலிற் சாதியும் பட்டமும் வினவப்படலாகாது; படிகளோடு சாய்வுப் பாதையும் அமைதல் வேண்டும். அப்பகுதிகளிலிருந்து வரும் நம் மாணவரும், அங்குக் குடியமர்ந்த பழைய மாணவரும் இம்முயற்சியில் முன்னிற்பாராக என வேண்டுகின்றோம்.