ஓடி ஆடுறவனுக்கு அஞ்சு வருஷமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

போன ஞாயிறு அரண்மனைப் பக்கம் டீக்கடையில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனைப் பார்த்தேன். இப்போது இருபது வயது. விங்கில் பந்தோடு கிளம்பினால் பிடிக்க ஆள் கிடையாது. பார்த்தால் வலது முட்டு பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. "என்ன மக்ளே இது?" என்றேன். "ஒண்ணுமில்ல சாரே, சனிக்கிழமை செவன்ஸ் ஃபைனல். கட்டு போட்டுட்டு இறங்கிருவேன்" என்றான். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஓடி ஆடுறவனுக்கு அஞ்சு வருஷம், நின்னு பாஸ் குடுக்கிறவனுக்குப் பதினைஞ்சு வருஷம். அவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

நான் பி.டி. வாத்தியார் இல்லை; டீச்சர் டிரெயினிங் முடித்த சாதாரண ஆசிரியன். ஆனால் ஃபுட்பால் பைத்தியம் இந்த மாவட்டத்துக்காரனுக்குப் பிறவியிலேயே வருவது. அதனால் சொல்கிறேன், பெரியவர் சொன்னதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஓடி கோல் போட்டபோது வயது 18. அடுத்த வருஷமே தொடைத்தசை கிழிந்தது. பழைய வேகம் முழுசாகத் திரும்பவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 33 வயதில் முடித்துக்கொண்டார். மறுபக்கம், இத்தாலியின் பிர்லோ வேர்க்காமலே ஆடுகிற மாதிரி இருப்பார். 38 வயது வரை ஆடினார். மோட்ரிச் 2025-இல் 39 வயதில் மிலான் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நம் தூத்தூர் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் அவர் ஓடும் அழகுக்காகவே டி.வி. முன்னால் உட்கார்ந்தவன் நான். 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டில் காயம். அந்த சீசன் அதோடு போயிற்று. டாக்டர், பிசியோ, ஓய்வு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி.

ஆனால் ரையன் கிக்ஸ்? அவரும் விங்கில் பறந்தவர்தான். 40 வயது வரை ஒரே கிளப்பில் ஆடினார். வேகம் குறையக் குறைய நடுக்களத்துக்கு வந்தார், யோகா செய்தார், பாஸ் கொடுத்து ஆடப் பழகினார். இன்னொரு பக்கம் வான் பாஸ்டன். வேகத்தை மட்டும் நம்பிய ஆள் இல்லை. பின்னாலிருந்து வந்த அடிகளில் கணுக்கால் போய், 28 வயதில் கடைசி ஆட்டம். பின்னாலிருந்து காலை வாரினால் சிவப்பு அட்டை என்று 1998-இல் கண்டிப்பாக்கினார்கள். அவருக்கு அது உதவவில்லை.

அமெரிக்காக்காரர்களின் ஃபுட்பால் கையால் எறிகிற வேறு விளையாட்டு. அங்கேயும் இதே வழக்குதான்: ஓடுகிற குவார்ட்டர்பேக்கா, நின்ற இடத்திலிருந்து எறிகிறவனா? நின்று எறிந்த டாம் பிரேடி 23 சீசன், 45 வயது வரை ஆடினார். ஓடிய ராபர்ட் கிரிஃபின் முதல் வருஷமே நட்சத்திரம். 2012 டிசம்பரில் முட்டில் அடிபட்டது. அதே முட்டோடு 2013 ஜனவரியில் பெரிய ஆட்டத்தில் இறக்கினார்கள். முட்டு போய்விட்டது. பழைய கிரிஃபின் அதற்குப் பிறகு வரவேயில்லை. அவரைக் கெடுத்தது ஓட்டமா, காயத்தோடு இறக்கியதா?

இங்கேயும் அதேதான். பத்து வயதில் எவன் வேகமாக ஓடுகிறானோ அவனை விங்கில் நிறுத்தி "ஓடுலே" என்று மட்டும் சொல்கிறோம். தலையைத் தூக்கிப் பார், ஆளைப் பார், பந்தைக் கொடு என்று சொல்லித்தருவதில்லை. செவன்ஸில் ஆள் குறைவு, ஓட்டம் அதிகம், தரையோ பாறை. வாரம் மூன்று ஊரில் மூன்று டோர்னமென்ட். பையன் கேட்டால் வேண்டாம் என்பானா? நூறும் ஐந்நூறும் கையில் கிடைக்கிறதே. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை ஐஸ் பெட்டிக்கும் ஒரு பிசியோவுக்கும் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? முட்டு வீங்கிய பையனைக் களத்துக்குள் விடமாட்டோம் என்று ஒரு கமிட்டியாவது விதி போடட்டுமே.

இதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். டீயைக் குடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "ஓடலேன்னா என்னை எவன் சாரே கூப்பிடுவான்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவன் அம்மாவுக்குப் போன் செய்து பேசினேன். சனிக்கிழமை இறங்கமாட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள்; பார்ப்போம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் குறைந்த செலவில் எடுக்கிற இடம், விளையாட்டுக் காயம் பார்க்கிற நல்ல டாக்டர் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.