கொள்ளைப் பங்கில் பிறந்த அரியணை

அரியணைக்கு ஆசைப்பட்டுத் தோற்றவன் துரோகி, வென்றவன் சக்கரவர்த்தி. சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் சூட்டுகிறது. கி.பி. 306-ல் பிரிட்டனிலுள்ள யார்க் நகரில் படைவீரர்கள் முடிசூட்டிய கான்ஸ்டன்டைனை உலகம் 'மகா கான்ஸ்டன்டைன்' என்கிறது. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன் ரைன் நதி எல்லையில் அதேபோல் வீரர்கள் முடிசூட்டிய போஸ்டுமஸ் என்ற தளபதிக்கோ 'அபகரித்தவன்' என்ற பட்டமே மிஞ்சியது. இந்தத் தீர்ப்பு சரிதானா?

கி.பி. 260 ரோமாபுரிக்குப் பொல்லாத ஆண்டு. வலேரியன் சக்கரவர்த்தி பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் உயிரோடு பிடிபட்டார். அவருடைய மகன் காலியெனஸ் எந்தப் பக்கம் ஓடுவது என்று திகைத்தார். ஜெர்மானியக் கூட்டங்கள் இத்தாலிக்குள்ளேயே புகுந்து ஆயிரக்கணக்கான மக்களைக் கைதிகளாக இழுத்துச் சென்றன. நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே வந்தது. வரி கேட்கும் கை நீண்டது; காக்கும் கை நீளவில்லை.

அந்த வேளையில் போஸ்டுமஸின் படை, கொள்ளையரை முறியடித்து அவர்களிடமிருந்த பொருள்களை மீட்டுத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது. கொலோன் நகரில் இருந்த இளவரசர் சலோனினஸின் பாதுகாவலர், அத்தனையையும் ஒப்படைக்கும்படி உத்தரவிட்டார். வீரர்கள் கொதித்தார்கள். போஸ்டுமஸைச் சக்கரவர்த்தி என்று அறிவித்துக் கொலோனை முற்றுகையிட்டார்கள். இளவரசரும் பாதுகாவலரும் கொல்லப்பட்டனர். கால் நாடும் பிரிட்டனும் ஸ்பெயினும் புதிய அரசின் கீழ் வந்தன.

இளவரசரின் கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் பிறகு போஸ்டுமஸ் செய்தது என்ன? ரோமாபுரியின் மீது படையெடுக்கவில்லை. தன்னை ரோமானியன் என்றே சொல்லிக்கொண்டார். கான்சல்களை நியமித்தார், எல்லையைக் காத்தார். தொடக்க ஆண்டுகளில் அவருடைய நாணயத்தில் காலியெனஸின் நாணயத்தைவிட வெள்ளி அதிகம் இருந்தது. 1992-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு வெற்றிக்கல் கிடைத்தது. இத்தாலியக் கைதிகள் பல்லாயிரவர் விடுவிக்கப்பட்டதைக் கூறும் அந்தக் கல்வெட்டு, போஸ்டுமஸ் கான்சலாக இருந்த ஆண்டு என்றே காலம் குறிக்கிறது. பின்னர் யாரோ உளி கொண்டு அவர் பெயரைச் சிதைத்திருக்கிறார்கள். பெயரை அழித்தார்கள், நடந்ததை அழிக்க முடியவில்லை.

ஆயினும் வந்த வழி போஸ்டுமஸை விடவில்லை. 269-ல் மைன்ஸ் நகரில் லேலியானஸ் என்பவன் கலகம் செய்தான். போஸ்டுமஸ் அவனை வென்றார். நகரைச் சூறையாட வீரர்கள் துடித்தனர், அவர் மறுத்தார். தன் குடிகளின் நகரைக் காக்க நினைத்த அந்த ஒரு நல்ல காரியத்துக்காகவே சொந்த வீரர்கள் அவரைக் கொன்றனர். கொள்ளைப் பங்கைக் கொடுத்துப் பெற்ற அரியணை, அதை மறுத்த அன்றே பறிபோயிற்று. கூட்டத்தின் பேராசை மீது ஏறி அமர்ந்தவன், நீதி பேச எழும்போது கால் வைக்க இடம் இருப்பதில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் கடைசியானவர் டெட்ரிகஸ். 274-ல் அவர் அவுரேலியன் சக்கரவர்த்தியிடம் பணிந்தார். அவுரேலியன் அவரை வெற்றி ஊர்வலத்தில் நடத்தினார். பிறகு தண்டிக்காமல் இத்தாலியில் ஒரு பகுதியை நிர்வகிக்கும் பதவியையே தந்தார். பிரிந்தவர்களைச் சேர்க்க வாள் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். 293-ல் டயோக்ளிஷியன், ஆட்சியை நால்வரிடையே பகிர்ந்து, ஆள்பவர்களை எல்லைக்கு அருகே அனுப்பினார். போஸ்டுமஸின் தேவை ஏன் எழுந்தது என்பதைத் தலைமை காலம் கடந்தேனும் புரிந்துகொண்டது.

துரோகி என்ற சொல் கணக்கை முடித்துவிடாது. காவல் கடமையைக் கைவிட்ட அரசுக்கும் அதில் பங்கு உண்டு. வாளை நம்பி முடி ஏற்றவனுக்கும் பங்கு உண்டு. காக்கத் தவறிய அரசு தன் பிரிவினையைத் தானே விதைக்கிறது. அந்த விளைச்சலை அறுத்தவனும் நிம்மதியாக உண்டதில்லை.